உப்புத் தண்ணீரில் பருத்தி போடப் போகிறீர்களா? விதைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதல் வருடம் நான் போட்ட விதையில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. விதை சரியில்லை என்று நினைத்து மறுபடி வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே போனது. பருத்தி உப்பைத் தாங்கும் பயிர் என்று எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் எந்த வயதில் தாங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பருத்திச் செடி தாங்குகிற உப்பை முளைக்கிற விதையும் பத்து நாள் கன்றும் தாங்காது. இது ஒன்று தெரிந்திருந்தால் எனக்கு அந்த இரண்டு விதைப்புச் செலவும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கிணறோ போரோ உப்பாக இருந்து, முதல்முறை பருத்தி போடுகிறவர்கள் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

நாக்கில் வைத்துப் பார்த்து "கொஞ்சம் உப்புதான்" என்று முடிவு செய்யாதீர்கள். நாக்குக்குத் தெரியாத கெடுதலும் தண்ணீரில் இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் தண்ணீர் பிடிக்க வேண்டும். போட்டதும் வருவது குழாயில் தேங்கி நின்ற தண்ணீர், அது உங்கள் கிணற்றின் கணக்கைச் சொல்லாது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். எந்தக் கிணறு, எந்தத் தேதி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று எழுதி ஒட்டி, அன்றைக்கே அல்லது மறுநாள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். கோடைக் கடைசியில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை என்று இரண்டு முறை பார்ப்பது நல்லது. ஒரே கிணற்றில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

கொடுக்கும்போதே என்னென்ன வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வெறும் உப்பளவு மட்டும் போதாது. மின் கடத்துத்திறன் (இதைத்தான் எல்லோரும் இசி என்கிறார்கள்), பி.எச்., சோடியம், கால்சியம், மெக்னீசியம், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு, முடிந்தால் போரான். நான் முதல்முறை இசி மட்டும் பார்த்துவிட்டு வந்து, பைகார்பனேட் விஷயம் தெரியாமல் ஒரு வருடம் மண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பரிசோதனைக் கட்டணம் இந்த வேலை முழுவதிலும் மிகச் சின்னச் செலவு, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2. மண்ணையும் ஆழம் ஆழமாகக் கொடுங்கள்

மேல்மண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்தால் பாதிக் கதைதான் தெரியும். பருத்தியின் ஆணிவேர் ஆழமாகப் போகும். 0–15, 15–30, 30–60, 60–90 சென்டிமீட்டர் என்று தனித்தனிப் பையில் எடுங்கள். வரப்போரம், எருக்குழி இருந்த இடம், மரத்தடி இவற்றை விட்டுவிடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்த திட்டு இருந்தால் அதை மற்ற மண்ணோடு கலக்காமல் தனி மாதிரியாகக் கொடுங்கள்.

மண் எடுக்கிற குழியை உடனே மூட வேண்டாம். இன்னும் கொஞ்சம் தோண்டி, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் தண்ணீர் தென்பட்டால் அந்த உப்பு கீழிருந்தே மேலே ஏறி வந்துகொண்டிருக்கும். நீங்கள் மேலே ஊற்றிக் கழுவினாலும் போக வழியில்லை. அப்படிப்பட்ட நிலத்தில் முதலில் வடிகால், அப்புறம்தான் பருத்தி. இன்னொரு சோதனை: ஓரடிக் குழியில் தண்ணீரை நிரப்பி விடுங்கள். மறுநாள் காலையிலும் அப்படியே நின்றால் வடிகால் மோசம் என்று அர்த்தம்.

3. அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். முதலில் இசி-யின் அலகு. ஒரு ஆய்வகம் டெசிசைமன் என்று போடும், இன்னொன்று மில்லிமோ என்று போடும். எண் இரண்டிலும் ஒன்றுதான். மைக்ரோசைமன் என்று போட்டிருந்தால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்: 4000 மைக்ரோசைமன் என்பது 4 டெசிசைமன். பிபிஎம் கணக்கில் கொடுத்திருந்தால் தோராயமாக 640 பிபிஎம் ஒரு டெசிசைமன்.

பருத்திக்கு உலகம் முழுவதும் பயன்படுத்தும் கணக்கு இது. மண்ணின் உப்பளவு 7.7 டெசிசைமன் வரை மகசூல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். 9.6-ல் பத்தில் ஒரு பங்கு போகும், 13-ல் கால் பங்கு, 17-ல் பாதி. தண்ணீராகப் பார்த்தால் 5.1 டெசிசைமன் வரை முழு மகசூல் எடுக்கலாம், 8.4-ல் கால் பங்கு குறையும். இதெல்லாம் நன்றாக வடிகிற மண்ணில், வேர்ப்பகுதியைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் விட்டு உப்பைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும்போது கிடைக்கிற கணக்கு. கனமான களிமண்ணில் இதை அப்படியே நம்ப வேண்டாம்.

அடுத்து ஒரு பெரிய பொறி. அந்த 7.7 என்பது மண்ணைக் குழம்பாக்கி, நிறைசேற்றிலிருந்து இறுத்து எடுத்த நீரில் அளந்தது. பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளப்பார்கள். தண்ணீர் அதிகம் சேர்ப்பதால் அந்த எண் மிகவும் சின்னதாக வரும். என் அறிக்கையில் 2.5 என்று இருந்தது, "7.7-க்கு எவ்வளவோ கீழே இருக்கிறதே" என்று நிம்மதியாக விதைத்தேன். உண்மையில் அது சில மடங்கு அதிகம். எந்த முறையில் அளந்தீர்கள், நிறைசேற்றுக் கணக்கில் எவ்வளவு வரும் என்று ஆய்வகத்திலேயே கேட்டு அறிக்கையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சோடியம் தனிப் பிரச்சினை. உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்தில் உப்பு அதிகம், கழுவினால் போகும். களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும், தண்ணீர் கீழே இறங்காது, பி.எச். 8.5-க்கு மேல் இருக்கும். அறிக்கையில் "எஞ்சிய சோடியம் கார்பனேட்" என்று ஒரு வரி இருக்கும், கால்சியம், மெக்னீசியத்தைவிட மிஞ்சி நிற்கிற கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு அது. அது லிட்டருக்கு 1.25 மில்லிசமானத்துக்குக் கீழே என்றால் பயமில்லை, 2.5-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீர் உங்கள் நிலத்தை மெல்ல மெல்லக் களராக்கும். நாக்கில் உப்பே தெரியாத தண்ணீரிலும் இது இருக்கும் என்பதுதான் இதன் ஆபத்து.

4. ஜிப்சம் தேவையா என்று கணக்குப் போடுங்கள்

உப்பு நிலம் என்றாலே ஜிப்சம் போடு என்பார்கள். வெறும் உவர் நிலத்துக்கு ஜிப்சம் எதுவும் செய்யாது, அதுவே ஒரு உப்புதான். சோடியமோ பைகார்பனேட்டோ அதிகமாக இருந்தால்தான் வேலை செய்யும்.

கணக்கு எளிது. எஞ்சிய சோடியம் கார்பனேட்டில் ஒரு அலகைக் குறைக்க, ஒரு ஹெக்டேருக்கு ஒரு சென்டிமீட்டர் ஆழம் பாய்ச்சுகிற தண்ணீருக்கு 8.6 கிலோ சுத்தமான ஜிப்சம் வேண்டும். உங்கள் தண்ணீரில் 5 இருக்கிறது, 2.5-ஆகக் குறைக்க வேண்டும், பருவம் முழுக்க 40 சென்டிமீட்டர் பாய்ச்சப் போகிறீர்கள் என்றால் 2.5 × 8.6 × 40 = 860 கிலோ. மூட்டையில் இருப்பது 80 சதவீதம்தான் சுத்தம் என்றால் 1075 கிலோ. அதனால் வாங்கும்போது தூய்மை எவ்வளவு என்று எழுதிய சீட்டோ பில்லோ கேட்டு வாங்குங்கள், ஈரமாக எடைகூடி வந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள். ஜிப்சத்தைவிட அதைக் கொண்டுவருகிற வண்டிச் செலவு சில சமயம் கூடுதலாகிவிடும், பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து ஒரே நடையில் இறக்கினால் நல்லது.

மழைக்கு முன்பே தூவி, மேல் பத்து சென்டிமீட்டர் மண்ணோடு கலந்துவிடுங்கள். ஆழமாக உழுது புதைக்க வேண்டாம். கரைந்து இறங்க மழையோ தண்ணீரோ வேண்டும், விதைக்கிற வாரத்தில் போட்டுப் பயனில்லை.

அப்புறம், குழாயில் காந்தம் மாட்டினால் உப்பு போய்விடும் என்று விற்க வருவார்கள். காந்தம் தண்ணீரிலிருந்து உப்பை எடுக்காது. நம்பிக்கை இல்லையென்றால் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் இசி அளந்து காட்டச் சொல்லுங்கள்.

5. தட்டு வைத்துப் பாருங்கள்

இந்த ஒரு சோதனையை நான் முதலிலேயே செய்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. விதைப்புக்குப் பதினைந்து நாள் முன்பு, உங்கள் வயல் மண்ணை இரண்டு தட்டில் எடுத்து ஒவ்வொன்றிலும் 50 விதை போடுங்கள். ஒன்றுக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றுக்கு மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஊற்றுங்கள். பத்து நாளில் எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் முளைக்கவில்லை என்றால் விதையையோ மண்ணையோ சந்தேகப்படலாம், நல்ல தண்ணீரில் முளைத்துக் கிணற்றுத் தண்ணீரில் முளைக்காமல் போனால் பதில் கையில் இருக்கிறது. இதே முறையில் இரண்டு மூன்று ரகங்களை ஒப்பிட்டும் பார்க்கலாம், உப்பைத் தாங்குவதில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. மருந்து பூசிய விதையைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

6. நிலத்தை மட்டமாக்குங்கள், பாரைச் சரியாகப் போடுங்கள்

உப்பு தண்ணீரோடு நடக்கும், தண்ணீர் ஆவியாகிற இடத்தில் உட்காரும். வயலில் மேடாக இருக்கிற திட்டில்தான் தண்ணீர் சரியாக ஏறாமல் உப்பு சேரும். மட்டம் செய்வதற்கு ஒருமுறை செலவாகும், ஆனால் இந்தப் பட்டியலில் எதற்காவது கடன் வாங்கலாம் என்றால் அது இதற்குத்தான்.

பாரில் (மண்ணை மேடாக அணைத்த வரிசையில்) விதைப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். இரண்டு பக்கச் சாலிலும் (பள்ளத்திலும்) தண்ணீர் விட்டால் ஈரம் இரண்டு பக்கமிருந்தும் ஏறி நடு உச்சியில் சந்திக்கும், உப்பு முழுவதும் அங்கே வந்து நிற்கும். நாம் வழக்கமாக விதையை வைப்பதும் அதே உச்சியில்தான்! விதையைப் பாரின் சரிவில், தண்ணீர் ஏறுகிற மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு சாலில் மட்டும் தண்ணீர் விடுவதாக இருந்தால், தண்ணீர் வருகிற பக்கச் சரிவில் விதை இருக்கட்டும், உப்பு காய்ந்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். அப்படிச் செய்தால் எந்தச் சாலில் ஆரம்பித்தீர்களோ கடைசிவரை அதே சாலிலேயே விடுங்கள், நடுவில் மாற்றினால் ஒதுங்கியிருந்த உப்பு திரும்பி வேருக்கே வரும்.

சொட்டுநீரில் ஈரமான வட்டத்துக்குள் உப்பு குறைவு, வட்டத்தின் ஓரத்தில் மிகுதி. அதனால் விதை சொட்டுவானுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். லேசான தூறல் பெய்யும்போது மோட்டாரை நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். ஓரத்து உப்பை அந்தத் தூறல் கரைத்து வேர்ப்பக்கம் கொண்டுவந்துவிடும், சொட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது உள்ளே வராது. பைகார்பனேட் அதிகமான தண்ணீரில் சொட்டுவான் சுண்ணாம்பு கட்டி அடைக்கும், அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவ வேண்டும் (தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது). தெளிப்புநீர் பகல் வெயிலில் வேண்டாம், இலையில் உப்பு காய்ந்து கருகும்.

7. நல்ல தண்ணீரை விதைப்புக்காகச் சேர்த்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீர், மழைநீர்க் குட்டை, வாய்க்கால் முறைத் தண்ணீர் என்று கொஞ்சமாவது நல்ல தண்ணீர் கிடைத்தால், அதை விதைப்புக்கு முன் பாய்ச்சவும் முதல் 40 நாளுக்கும் செலவிடுங்கள். சப்பை (பூமொட்டு) பிடிக்க ஆரம்பித்த பிறகு உப்புத் தண்ணீருக்கு மாறுங்கள். வேர் அதற்குள் ஆழம் போயிருக்கும், செடியும் பழகியிருக்கும்.

இரண்டையும் தொட்டியில் கலந்து பருவம் முழுக்க ஒரே மாதிரி விடலாமே என்று கேட்பீர்கள். 6 டெசிசைமன் தண்ணீரையும் 1 டெசிசைமன் தண்ணீரையும் பாதிப் பாதி கலந்தால் 3.5 வரும், கணக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் முளைக்கிற விதைக்கும் அதே 3.5-தான், ஐந்து அடி உயரச் செடிக்கும் அதே 3.5-தான். குழந்தைக்குக் கொடுக்க வேண்டியதைப் பெரியவருக்கும் பங்குபோட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நல்ல தண்ணீர் மிகவும் கொஞ்சம் என்றால் தனித்தனியாகவே விடுங்கள்.

வயலுக்குப் பாய்ச்சுகிற அளவுக்கு நல்ல தண்ணீரே இல்லையென்றால் மழையைத் தொட்டு விதைக்க வேண்டும். ஒரு நல்ல மழை மேல் உப்பைக் கீழே இறக்கியதும், ஈரம் பதமானவுடன் விதையுங்கள். காத்திருந்து வெயில் ஏறினால் உப்பு திரும்ப மேலே வந்துவிடும். மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குமேல் ஆழம் வேண்டாம். விதை வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகப் போடுங்கள், செடிக்குச் செடி இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள், ஏனென்றால் உப்பில் செடி குட்டையாகவே நிற்கும். விதைக்கிற அன்றைக்கே கொஞ்சம் விதையைச் சிறிய பாலிதீன் பைகளில் எருவும் நல்ல மண்ணும் போட்டு நல்ல தண்ணீரில் வளர்த்து வையுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் பாடுவாசி (முளைக்காத இடம்) நிரப்ப அதே வயதுக் கன்று கையில் இருக்கும். விதைப்பையின் சீட்டையும் பில்லையும் அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். முளைக்காமல் போய் நான் கேட்கப் போனபோது முதல் கேள்வியே லாட் எண் என்ன என்பதுதான், என்னிடம் பை இல்லை.

8. பாய்ச்சும் முறை

10 சென்டிமீட்டர் ஆழம் பாய்ச்சுகிற ஒரே தடவையில், 4 டெசிசைமன் தண்ணீர் ஒரு ஏக்கரில் ஏறக்குறைய ஒரு டன் உப்பை இறக்குகிறது. நம்ப முடியவில்லை என்று நானே மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்: லிட்டருக்கு 2.56 கிராம், சுமார் நான்கு லட்சம் லிட்டர். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். அதனால் செடிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல்? தண்ணீரின் இசி-யை, பருத்தி தாங்குகிற மண்ணின் இசி-யை ஐந்தால் பெருக்கி அதிலிருந்து தண்ணீரின் இசி-யைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். தண்ணீர் 4, மண் 7.7 என்றால் 4 ÷ (38.5 − 4), கிட்டத்தட்ட 12 சதவீதம். தண்ணீர் 6 என்றால் 18 சதவீதத்துக்கு மேல். டீசலோ கரண்டோ, அந்தக் கூடுதலுக்கும் முன்பே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பகலில் செடி வாடும், இலை கரும்பச்சையாகச் சிறுத்து நிற்கும். அதைப் பார்த்துப் பதறி மேலாக நனைத்துவிட்டு வருவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. மேலாக நனைத்த தண்ணீர் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். முதலில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடினால் அது உப்பால், தண்ணீர் விட்டால் ஆழமாக விட வேண்டும். அதே நேரம் மண் வெடிக்கும்வரை காயவிடவும் கூடாது. மண்ணில் ஈரம் பாதியாகும்போது அந்த ஈரத்தில் இருக்கிற உப்பின் அடர்த்தி இரட்டிப்பாகிறது. பாருக்கு நடுவில் சருகு, வைக்கோல் போட்டு மூடினால் ஆவியாவது குறையும்.

9. உரம்

தழைச்சத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். பி.எச். அதிகமான மண்ணில் யூரியாவை மேலே தூவிவிட்டால் காற்றில் போய்விடும், மண்ணுக்குள் போக வேண்டும். சாம்பல்சத்தை விட்டுவிடாதீர்கள், சோடியம் அதிகமான இடத்தில் செடிக்கு அது கிடைப்பது குறையும். தண்ணீரில் குளோரைடு அதிகம் என்றால் மியூரியேட்டுக்கு (குளோரைடு உள்ள பொட்டாஷ்) பதில் சல்பேட் வடிவம் வாங்குங்கள், விலை கூடுதல்தான். கோழி எருவில் உப்பு அதிகம், இந்த நிலத்துக்கு வேண்டாம். நன்றாக மக்கிய தொழு எரு போதும்.

10. நோட்டில் எழுதுங்கள், அறுவடைக்குப் பிறகு கழுவுங்கள்

கையடக்க இசி மீட்டர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு பாய்ச்சலிலும் தேதி, இசி, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். கோடையில் திடீரென்று ஏறினால் உடனே தெரியும். நான் அந்த நோட்டைத் தண்ணீர் அறிக்கை, மண் அறிக்கை, விதைப் பில், ஜிப்சம் பில் எல்லாவற்றோடும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

கடைசி எடுப்பு முடிந்ததும் மாரை (காய்ந்த பருத்திச் செடியை) பிடுங்கி, உழுது, வரப்பை உயர்த்திக் கட்டி மழைக்கு விடுங்கள். தேங்கி நிற்கிற நல்ல தண்ணீர் 30 சென்டிமீட்டர் அளவுக்கு மண்ணில் இறங்கினால், 30 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் உப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கழுவிக்கொண்டு போகும். களர்த்தன்மை இருந்தால் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுங்கள். அடுத்த பயிராகப் பயறையோ வெங்காயத்தையோ போட நினைத்தால், மண்ணை மறுபடி சோதிக்காமல் போடாதீர்கள். பருத்தி தாங்கிய உப்பில் அவை நிற்காது. அந்த மண் மாதிரியை மழை முடிந்த முதல் வாரத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், விதைப்பு நெருங்க நெருங்க ஆய்வகத்தில் கூட்டம் சேர்ந்துவிடும்.